ஆர்ச்சி டெலேனி என் காலுக்கு வந்த கதை

நீங்க எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா. முன்வரிசைக்குத் தலைவர் குரல் வேணும், செத்துப்போன தலைவர்னா இன்னும் விசேஷம், கண்ணத் தொடச்சுக்கிட்டே கைதட்டலாம்; நடுவரிசைக்கு ரெண்டு நாயி சண்டை போட்டு மூணாவது நாயி பஞ்சாயத்துக்கு வர்றது வேணும்; பின்வரிசையில பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆம்பளைங்களுக்குப் பொண்டாட்டி குரல் வேணும், அதுவும் அடுத்தவன் பொண்டாட்டி குரலா இருந்தா வயிறு வலிக்கச் சிரிக்கலாம், வீட்டுக்குப் போயி திட்டு வாங்க வேண்டியதில்ல. அதெல்லாம் இன்னைக்குக் கிடையாது. வெள்ளக்காரன் கதைன்னு கேள்விப்பட்டு, கோட்டு சூட்டு, கண்ணாடி கிளாசு, முத்தம்னு ஏதாவது வரும்னு நம்பி வந்தவங்களும் மன்னிக்கணும். இந்தக் கதையில முத்தம் ஒண்ணே ஒண்ணுதான் வருது, அது நானே என் முட்டிக்குக் குடுத்துக்கிட்டது.

என் பேரு இன்னாசி. செம்மண்மேடு ரயில்வே காலனியில வந்து பலகுரல் இன்னாசின்னு கேட்டீங்கன்னா, எந்த வீடுன்னு சொல்லமாட்டாங்க, என்ன மாதிரியே பேசிக் காட்டுவாங்க. நாப்பத்தெட்டு வயசு, ஒர்க்‌ஷாப்புல வேகன் ரிப்பேர் செக்‌ஷன்ல ஃபிட்டர், சாயங்காலமானா கல்யாணம், காதுகுத்து, யூனியன் ஆண்டுவிழா, எங்க மைக் இருக்கோ அங்க நான். ரயில் கெளம்புற சத்தம், எலெக்‌ஷன்ல தோத்தவர் நன்றி சொல்ற சத்தம், எல்லாத்தையும் விட ஜனங்க விரும்பிக் கேக்குறது என் வீட்டுக்காரி அடைக்கலமேரி குரல். அவ என்னத் திட்டுற மாதிரி நான் பேசுவேன். நெசத்துல அவ திட்டமாட்டா, வாய் பேசறதே அபூர்வம், ஆனா நெசத்த மேடையில பேசுனா யாரு சிரிக்கப்போறா.

எங்க காலனியில ஒரு இன்ஸ்டிட்யூட் ஹால் உண்டு, மரத்தரை போட்டது. வெள்ளக்காரன் ஊருக்குப் போகும்போது பியானோவ எடுத்துட்டுப் போனான், பில்லியர்ட்ஸ் மேசைய எடுத்துட்டுப் போனான், படம் காட்டுற மிஷினையும் ஏழு படப்பெட்டியையும் மறந்துட்டுப் போயிட்டான். அந்த ஏழுல ஒண்ணு கோழி வளர்ப்பு, ஒண்ணு தீயணைப்புப் பயிற்சி, மிச்சம் அஞ்சும் ஆர்ச்சி டெலேனி படம். அதனால உலகம் பூரா எத்தனையோ ஆயிரம் படம் வந்து போச்சு, நாங்க மட்டும் சனிக்கிழம சனிக்கிழம மூணு மணிக்கு அந்த அஞ்சையே சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு இருந்தோம், எங்க அப்பா பாத்தாரு, நான் பாத்தேன், எங்க ஊருல பொறந்த கொழந்த அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி டெலேனின்னு சொன்னதா ஒரு பேச்சு உண்டு, அத நான் நம்பல, நான்தான் கிளப்பிவிட்டேன்.

டெலேனி கறுப்பு வெள்ளை ஆளு. தலையில உசந்த தொப்பி, கையில தடி, காலுல கூரான ஷூ, அந்த ஷூவுக்கு அடியில முன்னாடி ஒரு தகடு, பின்னாடி ஒரு தகடு. மனுஷன் நடக்க ஆரம்பிப்பாரு, சும்மா கடைக்குப் போற மாதிரிதான், நாலாவது அடியில அந்த நடை ஆட்டமாயிரும், எந்த எடத்துல ஆச்சுன்னு சொல்லவே முடியாது, பால் எப்ப தயிராச்சுன்னு யாரு பாத்தா. மாடிப்படி, சாப்பாட்டு மேசை, கப்பல் மேல்தளம், ஒரு படத்துல பேங்கு மேனேஜர் ரூம்ல கடன் இல்லன்னு சொன்ன பொறவு அந்த மேனேஜர் மேசையச் சுத்தி ஆடுவாரு பாருங்க, டக்கட டிக்கட டக், டக்கட டிக்கட டக், இடுப்புக்கு மேல அவருக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு. அந்த மூஞ்சிக்காக நான் என் கிட்னியில ஒண்ணக் குடுத்திருப்பேன். நாக்க மேலண்ணத்துல அடிச்சு அந்தச் சத்தத்த அச்சு அசலா எடுப்பேன், கண்ண மூடிக் கேட்டா ரெண்டு டெலேனி வந்துட்டாங்கன்னு நினைப்பீங்க. ஆனா காலு? என் ரெண்டு காலும் பாகம் பிரிச்ச பங்காளிங்க, ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கிடையாது, ஒண்ணு கெழக்க போனா இன்னொண்ணு கோர்ட்டுக்குப் போகும்.

கல்யாணமான முதல் சனிக்கிழமையே மேரியக் கூட்டிட்டுப் போனேன். போனது மட்டுமில்ல, அவ காதுல விடாம விளக்கம் சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்பப் பாரு திரும்புவாரு, இப்பப் பாரு குதிப்பாருன்னு. இருபத்திரெண்டு வருஷமா சனிக்கிழம தவறாம சொன்னேன். அவ ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்தா: "என்னங்க, கொஞ்சம் தலைய நகத்துங்க, காலு தெரியல." பொம்பளைக்குக் கலை ரசனை எங்க வருதுன்னு நான் அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல அவளுக்கு ஒரு பிரசங்கம் பண்ணேன்.

அவரு செத்த சேதி எனக்கு வடை மடிச்ச பேப்பர்ல வந்துச்சு. மூணு மாசப் பழசு. ஆடல் நடிகர் ஆர்ச்சி டெலேனி தமது தொண்ணூத்தோராவது வயசுலன்னு இருந்துச்சு, அதுக்கப்பறம் எண்ணெய். நான் அந்த டீக்கடையிலேயே ஓன்னு அழுதேன், அழுகையில கூட ஒரு பழைய நடிகர் குரல் வந்துருச்சு, பக்கத்துல நின்னவன் கைதட்டிட்டான். வீட்டுக்கு வந்து பேப்பர மேரி கையில குடுத்தேன். அவ அத வாங்கி நெஞ்சோட சேத்துப் புடிச்சு, எண்ணெய முந்தானையில ஒத்தி எடுத்து, மாதா படத்துக்குக் கீழ வச்சு ஒரு மெழுகுவத்தி ஏத்துனா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு லேட்டாச்சு. எனக்கு அது ஞாபகம் இருக்கு.

மறு ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு மீன் மார்க்கெட்டுக்குப் போறோம். எங்க காலனியில ஒரு வழக்கம் உண்டு, புருஷன் முன்னாடி, பொண்டாட்டி மூணு அடி பின்னாடி. அவமரியாதைக்காக இல்ல. அந்தக் காலத்துல ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுலதான் பாதை, எதுக்க இன்ஜின் வந்தா முதல்ல ஆம்பள பாத்துக் கத்துவான், பொம்பள தப்பிச்சுக்குவா. இப்ப தார் ரோடு போட்டாச்சு, இன்ஜின் வந்து நாப்பது வருஷமாச்சு, ஆனாலும் நாங்க மூணு அடிய விடல. அப்படித்தான் போறேன், காலுல செருப்பு கூட இல்ல, பூசைக்கு வெறுங்காலோடதான் போவோம், ரோட்டுல மணலு. நாலாவது அடியில ஆரம்பிச்சுச்சு.

டக்கட டிக்கட டக். டக்கட டிக்கட டக்.

மணல்ல. வெறுங்காலுல. மரத்தரையில இரும்புத் தகடு அடிக்கிற சத்தம்.

நான் நின்னேன், ரெண்டு அடி தள்ளி சத்தமும் நின்னுச்சு. நடந்தேன், வந்துச்சு. திரும்பி மேரியப் பாத்தேன், அவ மொகம் வெளிறிப்போய் தலையக் குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. "பயப்படாத"ன்னேன். "வந்துட்டாருடி."

மீன்காரி புஷ்பராணி வாய்க்கு வாய் பதில் குடுக்குற ஆளு, சும்மா தலைய நிமித்திப் பாத்துட்டு, "என்ன இன்னாசி அண்ணே, காலுல லாடம் அடிச்சுக்கிட்டீகளா, வஞ்சிரம் வேணுமா சங்கரா வேணுமா"ன்னா. அவ்வளவுதான். எங்க ஊருல ஒரு அதிசயத்துக்கு அதுக்கு மேல வெலை கிடையாது.

ஆனா சந்தேகம் இல்லாம போகுமா. வாயால ஊரையே ஏமாத்துறவன் நான். அடுத்த ஞாயித்துக்கிழம இன்ஸ்டிட்யூட் செக்ரட்டரி செல்வநாயகம் சார் தலைமையில சோதனை வச்சாங்க. வாயில ரெண்டு இட்லியத் திணிச்சு, மேல துண்டு கட்டி, நடடாங்குறாங்க. இட்லி எங்க வீட்டு இட்லிதான், மேரிதான் கொண்டாந்தா, அடைச்சுக்கிட்டா குடுக்கலாம்னு வெந்நீர் ஃபிளாஸ்க்கோட என் பின்னாடியே நின்னா. அந்த ஃபிளாஸ்க் எப்பவும் அவ கையிலதான், தொண்டைய வச்சுப் பொழைக்கிறவனுக்கு வெந்நீர் வேணும், நான் எந்த மேடைக்குப் போனாலும் ஃபிளாஸ்க் வரும், ஃபிளாஸ்க் வந்தா அவளும் வருவா. நான் நடந்தேன், அவ ஃபிளாஸ்க்கோட நடந்தா, ஹால் பூரா டக்கட டிக்கட டக்குன்னு தெறிச்சுச்சு பாருங்க, செல்வநாயகம் சார் நாக்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு.

"யோவ், இவன் வாயில சத்தியமா இட்லிதான்யா இருக்கு!"

"பாத்தீங்களா"ன்னு சொல்லப்போயி ரெண்டு இட்லியும் அவரு சட்டையில விழுந்துச்சு.

அதுக்கப்பறம் அந்தச் சத்தத்தக் காலனி தனக்குன்னு எடுத்துக்கிச்சு. எப்படி எடுத்துக்கிச்சுன்னு சொல்றேன் கேளுங்க, ஏன்னா எங்க ஆளுங்களுக்கு ஒரு அதிசயம் ஏன் வந்துச்சுன்னு கேக்கத் தெரியாது, வந்தது வந்துருச்சு, எதுக்கு ஒதவும்னுதான் கேப்பாங்க. காலையில நானும் பின்னாடி மேரியுமா பால் வாங்கப் போற சத்தத்துக்கு ஸ்கூல் புள்ளைங்க எந்திரிச்சாங்க. மூணாவது தெருவுல மாவு இடிக்கிறவங்க நான் வர்ற நேரம் பாத்து உரல்ல போட்டாங்க, அந்தத் தாளத்துக்கு இடிச்ச மாவு கட்டி தட்டுறதில்லயாம். மாப்பிள்ளை பாக்க வர்ற வீட்டுக்கு முன்னாடி என்ன ஒரு நடை நடக்கச் சொல்லிக் கூப்புட்டாங்க, தம்பதியா வாங்க, அதுதான் மங்களம்னு மேரியவும் சேத்துத்தான் கூப்புட்டாங்க. பங்குச் சாமியார் மட்டும் ஒரு வாரம் யோசிச்சாரு. செத்த ஒரு வெள்ளக்காரரு, என்ன சபையோ என்ன ஞானஸ்நானமோ, ஒரு கத்தோலிக்கன் காலுல குடியேறலாமான்னு ஆயருக்கு லெட்டர் போட்டாரு. ஆயர் இல்லத்துலேர்ந்து பதில் வந்துச்சு, முழங்காலுக்குக் கீழ நடக்குற விஷயத்துல திருச்சபைக்கு எந்த நிலைப்பாடும் இல்லன்னு.

ஒர்க்‌ஷாப்புக்குள்ள மட்டும் சத்தம் வராது. கேட்டுக்குள்ள கால வச்சா ஊமை. யூனியன்காரங்க அதுக்கு விளக்கம் குடுத்தாங்க: "தோழர் இன்னாசியின் கால், வேலை நேரத்தில் கலைப்பணி செய்ய மறுப்பதன் மூலம் தொழிலாளர் சட்டத்தை மதிக்கிறது." போர்டுல எழுதியே போட்டாங்க. நான் அந்தப் போர்டுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்.

சிரிக்காதீங்க. முன்வரிசை, உங்களத்தான். கதை சொல்றவனுக்கு முன்னாடி நீங்க ஓடக்கூடாது.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழம. பெரிய வியாழன்லேர்ந்து ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கோயில் மணி அடிக்கமாட்டோம், மரக்கட்டையத்தான் தட்டுவோம், அது எல்லாருக்கும் தெரியும். கட்டை விரிசல் விட்டுப்போச்சு. சாமியார் என்னக் கூப்புட்டு, "இன்னாசி, கட்டைக்குப் பதிலா நீ நட"ன்னாரு. சிலுவைக்கு முன்னாடி நான், மூணு அடி பின்னாடி மேரி, அதுக்குப் பின்னாடி ஊரே. நான் டெலேனி மூஞ்சிய வச்சுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே கால எடுத்து வச்சேன். டக். ரொம்ப நேரங்கழிச்சு இன்னொரு டக். அஞ்சு படத்துல எதுலயும் இல்லாத ஒரு அடி அது, ஒரு கால இழுத்து, தரையத் தடவிக் குடுத்துட்டு, எறக்கி வைக்க மனசில்லாம எறக்கி வச்ச மாதிரி. சிலுவைப்பாதையில எட்டாவது ஸ்தலத்துல பொம்பளைங்க அழ ஆரம்பிச்சாங்க. பன்னண்டாவது ஸ்தலத்துல ஆம்பளைங்களும். எனக்கே ஆச்சரியம், என் காலுக்கு இவ்வளவு துக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? எங்களுக்குப் பொறந்து ஒன்பதாம் நாளே போன பொண்ணு ஒண்ணு உண்டு, பத்தொன்பது வருஷமாச்சு, நான் அதப் பத்திப் பேசுறதே இல்ல. ஒருவேள கால் மறக்கல போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். பெரிய கலைஞனுக்கு அப்படித்தான், அவனுக்கே தெரியாம உள்ள கெடக்கும்னு, கல்லறைகிட்ட வந்து நின்னப்ப மேரிகிட்ட சொன்னேன்.

அவ மூக்க உறிஞ்சிக்கிட்டு, "ஆமாங்க, கெடக்கும்"னா.

பாஸ்கா முடிஞ்சதும் எனக்கு ஆசை பெருசாயிருச்சு. வெறுங்காலுக்கே இப்படின்னா தகடு வச்ச ஷூ போட்டா என்னாகும்? செருப்புத் தைக்கிறவரு முடியாதுன்னுட்டாரு. சந்தையில மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாசிலாமணிகிட்ட போனேன். அவரு என் ஷூவ வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"மாப்ள, இது பார வண்டி இழுக்கவா, ரேக்ளாவுக்கா?"

"ஆடுறதுக்கு மாமா."

"ஆடுற மாட்டுக்கு நாங்க லாடம் அடிக்கறதில்ல, கயித்துலதான் கட்டுவோம்"னாரு, ஆனா அடிச்சுக் குடுத்தாரு. போட்டுக்கிட்டு மேரியோட நடந்தேன் பாருங்க, ஒரு பக்கம் டக்கட டிக்கடன்னு தேவகானம், இன்னொரு பக்கம் தகரக் கடையில எலி பூந்த மாதிரி கடமுடான்னு வேற ஒரு சத்தம், ரெண்டும் மல்லுக்கு நின்னு, நான் தபாலாபீஸ் வாசல்ல குப்புற விழுந்தேன். விழுந்த பொறவும் நல்ல சத்தம் ரெண்டு அடி வந்துட்டுத்தான் நின்னுச்சு. டெலேனிக்கு லாடம் பிடிக்கலன்னு ஊரு தீர்ப்பு சொல்லிருச்சு. நானும் ஒத்துக்கிட்டேன்.

மே மாசம் மேரி தங்கச்சி மகளுக்குப் பிரசவம்னு மணப்பாறைக்குப் போனா. பதினோரு நாளு. அவ பஸ் ஏறுன நிமிஷம் என் காலு செத்துப்போச்சு.

நடக்குறேன், சத்தமில்ல. ஓடுறேன், மூச்சுதான் வாங்குது. காலனியே கலங்கிருச்சு, ஸ்கூலுக்குப் புள்ளைங்க லேட்டு, மாவுல கட்டி, ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போச்சு. டாக்டர் காலப் புடிச்சுப் பாத்துட்டு ஆணி இருக்குன்னாரு. கடைசியில புஷ்பராணிதான் கண்டுபுடிச்சா. மீன் வெட்டுற கத்திய நிறுத்தி வச்சுட்டு என்ன ஏற எறங்கப் பாத்தா.

"அண்ணே, அக்கா ஊருக்குப் போனதுலேர்ந்துதான இப்படி?"

"ஆமா தாயி."

"அப்ப அதுதான்."

"எது?"

"பாசம்ணே! அக்கா இல்லாம உங்க காலுக்கு ஆட மனசு வரல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நான் ஊருக்குப் போனா அதுக்குக் காலு ரெண்டும் சாராயக்கடைக்கு ஆடிக்கிட்டே போகுது."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் இவ்வளவு நல்ல புருஷன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கேன். ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல சாமியார் என்ன எந்திரிச்சு நிக்கச் சொல்லி, "மனைவி பிரிந்தால் நடையிழக்கும் கணவன்"னு அரை மணி நேரம் பேசுனாரு, ஆம்பளைங்க எல்லாம் என்ன மொறச்சாங்க. பன்னண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஊரே என்கூட வந்துச்சு. பஸ் வந்து நின்னுச்சு, மேரி ஒரு கையில பையி ஒரு கையில முருங்கைக்கா கட்டோட எறங்குறா, அவ கால் தரையில பட்ட நிமிஷம்: டக்! நான் நாலு எட்டு முன்னாடி ஓடுனேன், டக்கட டிக்கட டக்! ஊரே கைதட்டுது, நான் அங்கேயே குனிஞ்சு என் முட்டிக்கு ஒரு முத்தம் குடுத்தேன்.

மேரி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "பதினோரு நாளா என் ஞாபகம் வந்துச்சாங்க?"

"வராம? காலே நின்னுபோச்சே!"

"காலுக்காகவா?"

"பின்ன?"

அவ முருங்கைக்காய என் கையில குடுத்தா. நடந்து வர்ற வழியில, "இந்தா பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. சுத்தி அவ்வளவு கூட்டம், எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க, சும்மா விட முடியுமா? உடனே அவ குரல எடுத்தேன். "இந்தா பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், மண்ணெண்ணெய் தீந்துபோச்சு, மாவு தீந்துபோச்சு, என் பொறுமையும் தீந்துபோச்சு!" கூட்டம் விழுந்து பொரண்டு சிரிச்சுச்சு. மேரியும் சிரிச்சா. சொல்ல வந்தத சொல்லல. டைமிங்கு மட்டும் என்னைக்கும் எனக்குத் தப்பாது.

ஆகஸ்ட்டுல இன்ஸ்டிட்யூட்டோட நூறாவது ஆண்டுவிழா. ஹால் சுவத்துல வரிசையா பழைய வெள்ளக்கார சூப்பிரண்டுங்க படம் மாட்டியிருக்கும், நம்ம ஆளு படம் ஒண்ணு கூட கிடையாது. கமிட்டி கூடி, முதல் படம் என்னோடதுன்னு முடிவு பண்ணிருச்சு. இடுப்பு வரைக்கும் எடுக்குறதா, கால் மட்டும் எடுக்குறதான்னு ரெண்டு மணி நேரம் விவாதம் நடந்து, முழு ஆளா எடுக்கலாம்னு மூணு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சேன். மேடையில ஆடிக் காட்டணும், முடிஞ்சதும் படத்தத் தொறந்து வைப்பாங்க.

நீங்க நம்புவீங்களோ இல்லயோ, நான் அந்தப் படத்துக்காக எத்தன நாள் தூங்கலன்னு எனக்குத்தான் தெரியும். முப்பது வருஷமா மேடையில நிக்கிறேன், ஒருத்தனாவது என் குரலுக்குக் கைதட்டியிருக்கானா? எனக்கு ஒரு குரல் இருக்கான்னே எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கத்துல பேசுனா யாரு குரல்ல பேசுறேன்னு மேரியக் கேப்பேன், அவ ஒருநாளைக்கு ஒரு ஆளச் சொல்லுவா. நாளைக்கு நான் செத்துப்போனா என்னத்த வச்சு நினைப்பாங்க, நாய் குரைச்சா இன்னாசி மாதிரியே குரைக்குதுன்னா? என்னோடதுன்னு சொல்லிக்க எனக்கு இந்தக் காலு ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் வடை பேப்பர்ல வந்துச்சு.

விழா அன்னைக்கு மத்தியானம் மேரி புதுச்சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னா.

"என்னங்க, இன்னைக்கு மட்டும் நான் முன்னாடி வரிசையில உக்காந்து பாக்கட்டுமா?"

"ஃபிளாஸ்க்க யாரு புடிப்பா?"

"ஆடத்தான போறீங்க, தொண்டைக்கு எதுக்கு வெந்நீரு?"

"நீ பக்கத்துல இல்லன்னா காலு வராதுன்னு ஊருக்கே தெரியும். வெளையாடாத மேரி."

கண்ணாடியப் பாத்து சேலை மடிப்பச் சரி பண்ணிக்கிட்டா. அப்பறம் ஃபிளாஸ்க்க எடுத்து மூடிய இறுக்குனா.

நாலு மணிக்கு ஹால் நெறஞ்சு வழியுது, உள்ள எடம் கிடைக்காதவங்களுக்காக வெளிய மரத்துல நாலு கொழாய் ஸ்பீக்கர் கட்டி வச்சிருக்கான் சவுண்டு சர்வீஸ் சகாயம். அந்த சகாயத்தப் பத்திச் சொல்லணும். மண்ணச்சநல்லூர் ஆளு, காலனிக்குப் புதுசு, அவனுக்கு மனுஷங்க மொகம் ஞாபகம் இருக்காது, மைக்கத்தான் தெரியும். மேடையில மூணு மைக் வச்சான். ஒண்ணு என் வாய்க்கு நேரா. ஒண்ணு துண்டு சுத்தித் தரையில, என் காலுக்கு அரையடி தள்ளி. மூணாவது அறிவிப்பாளருக்கு, ஓரத்துல படுதாவுக்குப் பின்னாடி, மேரி ஃபிளாஸ்க்கோட நிக்கிற எடத்துல. கீழ உக்காந்து, தலையில ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, சத்தத்த ஏத்தி எறக்குற திருகுல கைய வச்சுக்கிட்டான்.

வேட்டிய மடிச்சுக் கட்டி, தொப்பி ஒண்ணு கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு, நான் மேடைக்கு வந்தேன். முன்வரிசையில சாமியாரு, செல்வநாயகம் சாரு, அவங்களுக்குப் பின்னாடி புஷ்பராணி, லாடம் மாசிலாமணி, எல்லாரும். சுவத்துல என் படம் மஞ்சத் துணி போத்திக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கு. மைக்குல வாய வச்சேன், எந்தத் தலைவர் குரலும் இல்லாம, எந்த நாயும் இல்லாம, கரகரன்னு ஒரு குரல் வந்துச்சு, அதுதான் என்னோடதுன்னு நினைக்கிறேன்.

"இத்தன வருஷமா அடுத்தவங்க குரல எடுத்து உங்கள சிரிக்க வச்சேன். அதுல எதுவும் என்னோடது இல்ல. இது ஒண்ணுதான் என்னோடது. இத மட்டும் நான் யாருகிட்டேர்ந்தும் எடுக்கல."

நான் கால எடுத்து வச்சேன்.

ஆட்டமாங்க அது! அஞ்சு படத்தையும் ஒண்ணாப் போட்டு ஆட்டுன மாதிரி, மாடிப்படி வருது, கப்பல் வருது, பேங்கு மேனேஜர் மேசை வருது, அதுக்கு நடுவுல டெலேனி கனவுலயும் பாக்காத அடி வருது, மீன் மார்க்கெட்டு வருது, உரல் வருது, பெரிய வெள்ளிக்கிழம வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகுது, மரத்துல கட்டுன நாலு கொழாயிலயும் தெறிச்சு ஒர்க்‌ஷாப்பு வரைக்கும் போகுது. நான் என் பங்குக்குக் கையத் தூக்குறேன், எறக்குறேன், ஒரு சுத்து சுத்துறேன், சத்தம் கொஞ்சம் முன்னாடி போகுது, நான் கொஞ்சம் பின்னாடி போறேன், பரவால்ல, மூஞ்சிய மட்டும் அவர மாதிரியே வச்சுக்கிட்டேன், இடுப்புக்கு மேல எனக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. சாமியாரு எந்திரிச்சு நின்னு கைதட்டுறாரு. செல்வநாயகம் சாரு மஞ்சத் துணியோட நுனியில கைய வச்சுட்டாரு.

அப்பத்தான் கொழாயில கொய்ங்னு ஒரு இரைச்சல் வந்துச்சு. சகாயம் மொகத்தச் சுளிச்சுக்கிட்டு ஓரத்து மைக்கக் கொறச்சான். ஆட்டம் போச்சு. ஹால்ல லேசாக் கேக்குது, கொழாயில ஒண்ணுமே இல்ல, வெளிய நிக்கிறவங்க கத்துறாங்க. மறுபடி ஏத்துனான், டக்கட டிக்கட டக்குன்னு வந்துச்சு. தலையச் சொறிஞ்சான். தரை மைக்க அடியோட அமத்திப் பாத்தான், ஒரு அடி கூட கொறையல. மறுபடி ஓரத்த எறக்குனான், போச்சு, ஏத்துனான், வந்துச்சு. நான் ஆடிக்கிட்டேதான் இருக்கேன், ஓரக்கண்ணால அவனையே பாத்துக்கிட்டு, டேய் வேணாண்டா, வேணாண்டான்னு உள்ளுக்குள்ள, இந்தத் தடவ யாரு குரல்லன்னு தெரியல. அவன் எந்திரிச்சான். படுதாவ ஒரு விரலால ஒதுக்கி உள்ள எட்டிப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம் செக் பண்ற மைக்கக் கையில எடுத்தான், அது நாலு கொழாயிக்கும் போற மைக்குன்னு மறந்துட்டானோ, இல்ல அவனுக்கு மைக்குன்னா உண்மைதான் பேசத் தெரியுமோ:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்க காலுகிட்ட வச்ச மைக்குல ஆரம்பத்துலேர்ந்து ஒண்ணுமே வரல, அம்புட்டும் படுதாவுக்குப் பின்னாடி ஃபிளாஸ்க் வச்சிருக்கிற அக்கா காலுலதான் வருது, நீங்க கொஞ்சம் நகந்தீங்கன்னா அவங்க முன்னாடி வந்து ஆடலாம்!"